நாலு மணி ஆட்டம் ஒன்பதரைக்குப் போனது: கல்லூரிக் கோப்பைக்குப் பாஸ் வாங்கலாமா?

பாஸ் விலை 300 ரூபாய். ஐந்து நாள் ஃபுட்பால் ஆட்டத்துக்கும் சேர்த்து ஒரு அட்டை, கழுத்தில் மாட்ட ஒரு நீல நாடா, வாசலில் ஸ்கேன் செய்ய ஒரு கியூஆர் கோடு. அந்தந்த நாள் டிக்கெட் 100. கல்லூரி மாணவர்களுக்கு இலவசம். இந்த பிப்ரவரியில்தான் முதல்முறையாக இந்த ஏற்பாடு வந்தது, அடுத்த வருஷமும் இப்படித்தான் என்று பரிசளிப்பு மேடையிலேயே சொல்லிவிட்டார்கள். வாங்கலாமா என்று தெரிந்தவர்கள் பலர் கேட்கிறார்கள். ஃபுட்பால் பார்ப்பதற்காக என்றால் போகலாம், அதற்கும் தினசரி டிக்கெட் போதும். பழைய கோப்பையை நினைத்துக்கொண்டு போவதானால் அந்த 300 ரூபாய்க்கு வேறு செலவு பாருங்கள்.

கல்லூரியின் பெயரை எழுதப்போவதில்லை. குமரி மாவட்டத்தில் ஆட்டம் பார்க்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்குத் தெரிந்து ஆகப்போவதும் ஒன்றுமில்லை.

என் பக்கத்து விவரம் இது. அப்பா அங்கே கெமிஸ்ட்ரி லேப் அட்டெண்டர். குவார்ட்டர்ஸின் பின்மதிலில் ஏறி உட்கார்ந்தால் மைதானம் முழுதும் தெரியும், நான் ஆஃப்சைடு கற்றுக்கொண்டது அந்த மதிலில்தான். கல்யாணமாகித் திங்கள்சந்தைக்கு வந்து தையல் கடை போட்ட பிறகும் கோப்பையை விட்டதில்லை. கல்லூரி டீமின் ஜெர்சிக்கு நம்பர் தைத்துக் கொடுத்ததும் எங்கள் கடைதான். திருப்பூரிலிருந்து வெறும் பனியன் வரும். வெள்ளைச் சாட்டினில் நம்பர் வெட்டி, ஓரம் பிரியாமல் ஜிக்ஜாக் அடித்துக் கொடுப்போம். எட்டும் மூன்றும் உயிரை வாங்கும், வளைவில் துணி சுருங்கிக்கொள்ளும். ஒன்றாம் நம்பருக்கும் கூலி அதேதான் என்பதால் கோல்கீப்பர்கள்மேல் எனக்குத் தனிப் பிரியம். இப்போது எல்லாம் பிரிண்ட் போட்ட முழு ஜெர்சியாக வந்து இறங்குகிறது. வருத்தம் உண்டு, குறை சொல்ல மாட்டேன். பிரிண்ட் நன்றாக இருக்கிறது, மழையில் நனைந்து கனப்பதில்லை. வேலை போன கோபத்தில் எழுதுகிறாள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக முன்னாலேயே சொல்லிவைக்கிறேன்.

கோப்பையைக் கவனித்துவந்த பழைய பி.டி. சார் ரிட்டயர் ஆனார். புது சார் வெளி மாவட்டக்காரர். எம்.பி.எட்., பிஎச்.டி., பாட்டியாலாவில் கோச்சிங் டிப்ளமோ என்று படிப்புக்குக் குறைவில்லை. கெட்ட மனிதர் என்று யாரும் சொல்ல முடியாது. அவர் செய்த நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் ஆட்கள் பலர் அதைச் சொல்வதே இல்லை.

பெண்களுக்குக் கழிப்பறை வந்திருக்கிறது. மைதானத்துக்குப் பக்கத்திலேயே, தண்ணீரோடு, தாழ்ப்பாளோடு. இதற்கு முன்னால் நாங்கள் என்ன செய்தோம் என்று ஆண்கள் யாரும் கேட்டதில்லை. லேடீஸ் ஹாஸ்டல் வார்டனிடம் போய்ப் பல்லைக் காட்டி நிற்க வேண்டும், அதற்குள் ஒரு கோல் போய்விடும். அந்த ஒன்றுக்காகவே நான் அவருக்கு ஒரு நட்சத்திரம் தருகிறேன். ஆம்புலன்ஸ் ஐந்து நாளும் நின்றது. ரெஃப்ரிகளுக்குப் பேட்டா அன்றன்றைக்கே கைக்குப் போனதாகக் கேள்வி.

கேலரியைப் பிரித்ததிலும் அவர் பக்கம்தான் நான். கமுகு மரத்தைக் கயிறு போட்டுக் கட்டிய அந்தப் பழைய கேலரியில் எத்தனை பேர் ஏறுவார்கள் என்று கணக்கே கிடையாது. கோல் விழுந்தால் எல்லோரும் ஒன்றாகக் குதிப்பார்கள், மரம் முனகும். 2022 மார்ச்சில் மலப்புறம் மாவட்டத்தில் காளிகாவு பக்கம், பக்கத்துக்கு ஏழு பேர் ஆடும் ஒரு செவன்ஸ் ஆட்டத்தில் இதே மாதிரித் தற்காலிக கேலரி அப்படியே சரிந்து ஏகப்பட்ட பேருக்கு அடிபட்டது. அந்த வீடியோவைப் பார்த்தவர்கள் யாரும் கமுகு மர கேலரியைத் திரும்பக் கேட்க மாட்டார்கள்.

ஆனால் பிரித்த இடத்தில் என்ன வைத்தார் என்று பார்க்க வேண்டாமா?

மைதானம் தெற்கு வடக்காகக் கிடக்கிறது. மேற்குப் பக்கம் ஒரு பெரிய புளியமரம். ஆட்டம் எப்போதும் சாயங்காலம் நாலு மணிக்கு. வெயில் முதுகுக்குப் பின்னால் இறங்கும், மரத்து நிழல் நீண்டு டச் லைன் வரைக்கும் வந்துவிடும். அதனால்தான் பழைய ஆட்களெல்லாம் புளிமூட்டில் இடம் பிடிப்பார்கள். இப்போது ஆட்டம் காலை ஒன்பதரைக்கு. கிழக்குப் பக்கம் பந்தல் போட்டு, நாற்காலி வரிசையாகப் போட்டு, ஒவ்வொரு நாற்காலியிலும் விளம்பரம் கொடுத்த கடையின் பெயரை ஒட்டி வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு வெயில் பின்னால், தலைக்கு மேலே துணி. பாஸ் வாங்கிய எங்களுக்கு மேற்குப் பக்கம், கயிற்றுக்கு வெளியே, நின்றுகொண்டு. பிப்ரவரி வெயில் நேரே முகத்தில் அடிக்கிறது. புளியமரத்து நிழல் காலையில் மதிலுக்கு அந்தப் பக்கம் போய் விழுகிறது, அங்கே நிற்கும் ஒரு ஆட்டோவுக்குத்தான் அதனால் பலன்.

முதல் மூன்று நாளும் பந்தல் நாற்காலிகளில் முக்கால்வாசி காலி. செமி ஃபைனலில் இடைவேளைக்கு அப்புறம் ஒரு வயதானவர் கயிற்றுக்கு அடியில் குனிந்து, சுற்றிப் போய் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு வாலன்டியர் பையன் ஓடி வந்து, மிகவும் மரியாதையாகத்தான், எழுப்பி அனுப்பினான். அந்த நாற்காலி கடைசி விசில் வரை காலியாகவே கிடந்தது.

தென்மேற்கு மூலை கார்னர் கொடிக்கு முன்னால் ஒரு ஃபிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். லைவ் கேமராவுக்கு நேராக வர வேண்டுமாம். ஃபைனலில் கோல் விழுந்தது அந்தக் கார்னரிலிருந்துதான். உதைத்தவன் உள்ளே வளைத்தானா, வெளியே வளைத்தானா என்று எங்கள் பக்கத்தில் நின்ற ஒருவருக்கும் தெரியாது. ஃபிளெக்ஸுக்கு மேலே பந்து தலை காட்டியது, கீப்பர் இரண்டு அடி முன்னால் வந்தான், தயங்கினான், பின்னால் போனான், அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து போனில் பார்த்தேன். கேமராவும் அந்த நேரத்தில் பந்தலைக் காட்டிக்கொண்டிருக்கிறது.

சரி, மாதத்துக்கு வருவோம். எனக்குப் பெரிய குறை இதில்தான், வெயிலும் நாற்காலியும் இதற்கு அப்புறம்தான்.

இந்தக் கோப்பை எப்போதும் ஜூலையில் நடந்தது. ஜூலையில் இங்கே மழை, மைதானம் சேறு, பந்து நின்றுவிடும், யாருக்கும் தெரியும். தெரிந்தேதான் வைத்தார்கள். மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். குளச்சல், முட்டம் துறைமுகங்களில் படகுகள் வரிசையாகக் கட்டிக்கிடக்கும், ஆட்கள் ஊரில் இருப்பார்கள். வேன் பிடித்து, செண்டை மேளத்தைத் தூக்கிப்போட்டுக்கொண்டு வருவார்கள். தூத்தூர், சின்னத்துறை பக்கத்து ஆழ்கடல் ஆட்கள் மற்ற மாதங்களில் கடலுக்குப் போனால் வாரக்கணக்கில் திரும்ப மாட்டார்கள், அவர்களுக்கும் அந்த இரண்டு மாதம்தான் வீடு. ஆட்டத்தைக் கண்ணால் தின்கிற ஜனம் அது. இரவிபுத்தன்துறையிலிருந்து போய் சென்னை சிட்டி, ஜாம்ஷெட்பூர், ஏ.டி.கே. என்று கிளப்களுக்கு ஆடி, 2019-20 ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) கோப்பை வென்ற அணியில் இருந்த மைக்கேல் சூசைராஜ் அந்தக் கரைக்காரர்தான். அந்த ஊர்களில் பத்து வயதுப் பையன்கூட 'பந்து இல்லாத நேரத்தில் அவன் எங்கே நிற்கிறான் பாரு' என்பான்.

இன்னொரு காரணமும் உண்டு. ஜூனில் கல்லூரி திறந்து புதுப் பையன்கள் வந்திருப்பார்கள். பல்கலைக்கழக இன்டர் காலேஜ் போட்டிகளுக்கு முன்னால், நிஜமான கூட்டத்துக்கு நடுவே அவர்களை இறக்கிப் பார்க்க ஜூலை கோப்பைதான் உரைகல். பிப்ரவரியில் அந்தப் போட்டிகளெல்லாம் முடிந்து சீசனே ஓய்ந்திருக்கும். கடைசி வருஷப் பையன்களுக்கு ஏப்ரல் பரீட்சை தலைக்கு மேல். இந்த வருஷம் வெளி டீம்களில் சிலது இரண்டாம் அணியைத்தான் அனுப்பியது என்பது ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்குப் புரிந்திருக்கும்.

மாற்றியதற்குக் காரணம் மழை என்கிறார்கள். மழையில் கேமரா வைக்க முடியாது, விளம்பரக்காரர்கள் வரமாட்டார்கள், சிறப்பு விருந்தினர் காலில் சேறு. எல்லாம் உண்மைதான். ஆனால் பிப்ரவரியில் படகெல்லாம் கடலில். செண்டை வந்திருந்தாலும் உள்ளே விட்டிருக்க மாட்டார்கள், 'இசைக்கருவிகளுக்கு அனுமதி இல்லை' என்று வாசலில் எழுதி வைத்திருந்தார்கள். அதற்குப் பதில் கோல் விழுந்தவுடன் பாக்ஸ் ஸ்பீக்கரில் ஒரு சினிமா பாட்டு பத்து விநாடி அலறும். எந்த டீம் அடித்தாலும் அதே பாட்டு.

நானே போய்க் கேட்டேன். "சார், ஆட்டத்த நாலு மணிக்கே வச்சிருக்கலாமே?"

"மேடம், ஈவினிங் லைட் லைவுக்கு செட் ஆகாது. வியூஸ் பாத்தீங்களா?" என்று போனை நீட்டிக் காட்டினார். எண்ணிக்கை பெரிதாகத்தான் இருந்தது. அதில் எத்தனை பேர் கடைசி விசில் வரை பார்த்தார்கள் என்று கேட்க வாயெடுத்தேன், அதற்குள் பந்தலிலிருந்து அவரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

பழைய சாராக இருந்தால் இந்தக் கேள்விக்கு, "மக்ளே, நீ மொதல்ல அந்தப் பதினொண்ணாம் நம்பர ஒழுங்கா தச்சுக் குடு" என்று ஏதாவது சொல்லி வாயை அடைத்திருப்பார். அவரும் யாருடைய பேச்சையும் கேட்டு நடந்தவர் இல்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் ஆட்டத்துக்கு முந்தின நாள் மைதானத்துக்கு வந்து, யார் சுண்ணாம்பு கொண்டுவருகிறார்கள், யார் வலை கட்டுகிறார்கள் என்று கேட்பார். லைன் போடுவது முழுக்க வெளியாட்கள்தான். நாகர்கோவில் கோட்டாறிலிருந்து ஒரு மளிகைக்கடைக்காரர், தன் செலவில். வெளியே போன பந்தை எடுத்துப்போட மதிலுக்கு அந்தப் பக்கம் நாலு பேர் நிற்பார்கள், பக்கத்து வீட்டுக் கிணற்றில் விழுந்தால் எடுக்கப் பாதாளக் கரண்டியோடு ஒருவர். ஒருத்தருக்கும் சம்பளம் கிடையாது. இந்த வருஷம் இதற்கெல்லாம் நீல டீசர்ட் போட்ட ஈவென்ட் ஆட்கள் வந்துவிட்டார்கள். லைன் நேராகப் போட்டிருந்தார்கள், மறுக்கவில்லை. முதல் நாள் ஒரு பக்கம் பெனால்டி ஆர்க் போட மறந்திருந்தார்கள். அதைப் பார்த்துச் சொன்னது கயிற்றுக்கு வெளியே நின்ற அந்த மளிகைக்கடைக்காரர்தான். சொன்னதற்கு நன்றி சொல்லிவிட்டு, கயிற்றுக்கு அந்தப் பக்கமே நிற்கச் சொன்னார்கள்.

குறும்பனையிலிருந்து வரும் ஒரு பாட்டா (எங்கள் பேச்சில் தாத்தா) இருக்கிறார். 1978 முதல் ஒவ்வொரு வருஷமும் யார் கோல் அடித்தது, எத்தனையாவது நிமிஷம் என்று நீள நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். சிவப்பு மையில் இருந்தால் பெனால்டி, அடிக்கோடு இருந்தால் செல்ஃப் கோல். கோப்பை மலர் அச்சடிக்க வேண்டும் என்று அந்த நோட்டுகளை வாங்கிப் போனார்கள், பத்திரமாகத் திருப்பியும் கொடுத்தார்கள். மலர் வந்தது. ஆர்ட் பேப்பர், முப்பத்திரண்டு பக்கம், அதில் பத்தொன்பது பக்கம் விளம்பரம். 'கோப்பையின் வரலாறு' ஒரே பக்கம், அதிலும் இரண்டு ஃபைனல்களில் ஜெயித்த டீமும் தோற்ற டீமும் இடம் மாறிக் கிடக்கிறது. நோட்டு அவர்கள் மேஜையிலேயே இருந்தும் ஒருத்தரும் திறந்து பார்க்கவில்லை. பாட்டா பெயர் எங்கும் இல்லை. மலர் விலை 100.

அவரை உள்ளே விட்ட கூத்தையும் சொல்ல வேண்டும். அவரிடம் இருப்பது பட்டன் போன். குவைத்தில் இருக்கும் பேரன் ஆன்லைனில் பாஸ் எடுத்து, ஸ்கிரீன்ஷாட்டைப் பக்கத்து வீட்டுக்காரர் போனுக்கு அனுப்பி, அவர் அதைக் கடையில் கொடுத்து பிரிண்ட் எடுத்துக் கொடுத்திருக்கிறார். வேஷ்டி மடிப்பில் வைத்த காகிதம், வியர்வையில் கோடு கலைந்துவிட்டது. வாசலில் நின்ற பெண் பிள்ளை போனை அதன்மேல் காட்டிக் காட்டிப் பார்க்கிறாள், எடுக்கவில்லை. வாசலில் டவரும் சரியாகக் கிடையாது. "பாட்டா, பாஸ் வேலிட் ஆகலியே" என்கிறாள். அவர் நோட்டைத் திறந்து போன வருஷ ஃபைனலைக் காட்டுகிறார்! பின்னால் வரிசையில் நின்றவர்கள் சத்தம் போட்ட பிறகுதான் விட்டார்கள். அந்தப் பிள்ளைமேல் தப்பில்லை, அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான்.

வாட்ஸ்அப் குரூப்பையும் விட்டுவிடக் கூடாது. முன்பு யார் வேண்டுமானாலும் பேசலாம், அதனால் ஆட்டத்தைவிடச் சண்டை அதிகமாக இருக்கும். இப்போது அட்மின் மட்டும்தான் எழுத முடியும். தினம் காலையில் ஒரு போஸ்டர் வருகிறது.

அமெரிக்காவில் ஒஹையோவில் இருக்கும் அண்ணன் மகனிடம் போனில் இதைப் புலம்பினேன். அவன் சிரித்துவிட்டு, "அத்தை, இங்கேயும் இதே பாட்டுதான்" என்றான். அங்கே ஒரு பல்கலைக்கழக மைதானத்திலேயே ஒரு லட்சம் பேருக்கு மேல் உட்காரலாம். விளையாட்டுத் துறைக்கு அத்லெடிக் டைரக்டர் என்று ஒருவர், நம் பி.டி. சார் மாதிரி இல்லை, கம்பெனி முதலாளி மாதிரி. நல்ல இடத்தில் சீட் வேண்டுமானால் டிக்கெட் விலைக்கு மேலே நன்கொடையும் கொடுக்க வேண்டிய கல்லூரிகள் நிறைய. தலைமுறையாக ஒரே சீட்டில் உட்கார்ந்தவர்கள் விலை தாங்காமல் விட்டுவிட்டுப் போகிறார்களாம். 2025 ஜூனில் ஒரு கோர்ட் ஒப்பந்தம் வந்து, அந்த ஜூலையிலிருந்து கல்லூரிகள் தங்கள் வீரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம் என்றாகிவிட்டது. முதல் வருஷம் ஒரு கல்லூரிக்கு உச்சவரம்பு சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர். அந்தப் பணத்தை அந்த டைரக்டர் எங்கிருந்தாவது புரட்டியாக வேண்டும், ரசிகர் தலையில்தான் விடியும்.

அங்கேயாவது பணம் ஆடுகிற பையன் கைக்குப் போகிறது. எங்கள் பையன்களுக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சீட், ஆட்டம் முடிந்தால் ஒரு பிரியாணிப் பொட்டலம். இந்த வருஷம் பொட்டலத்தில் முட்டை இருந்தது என்று ரைட் பேக் ஆடிய பையன் சொன்னான். அது ஒரு முன்னேற்றம்தான்.

ஆட்டத்துக்கு மட்டும் மார்க் போடுவதானால் ஐந்துக்கு மூன்றரை. காய்ந்த தரையில் பந்து ஓடுகிறது, பாஸிங் அழகாக இருக்கிறது. ஜூலைச் சேற்றில் பார்க்க முடியாத ஒன்று இது. எங்கள் டீமின் ஆறாம் நம்பர் ஐந்து நாளும் நடுவில் ஆடிய ஆட்டத்தை யாராவது பெரிய கிளப்காரர்கள் பார்த்திருக்க வேண்டும். ஃபைனலில் மூன்று பேருக்கு நடுவே பந்தை வாங்கி, திரும்பாமலே குதிகாலால் லெஃப்ட் விங்குக்குத் தட்டிவிட்டான். எங்கள் பக்கம் எல்லோருக்கும் மூச்சு நின்றது. பந்தலில் அப்போது டீ கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

நாலு மணி ஆட்டம் இருந்த காலத்தில் அந்தக் குதிகால் தட்டலுக்கு மைதானமே எழுந்து நின்றிருக்கும், பையனுக்கு அது காதில் விழுந்திருக்கும். இந்த வருஷம் நாங்கள் கத்தியது அவனுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. அறிவிப்பாளர் அந்த நேரம் பார்த்து, நகைக்கடைக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். மைக்கில் சொல்ல வேறு எத்தனையோ இருந்தது. பார்வையாளர்கள் கயிற்றைத் தாண்ட வேண்டாம் என்று மட்டும் நாலைந்து தடவை சொன்னார்கள். புளிமூட்டில் நின்றவர்கள் கோப்பையை இத்தனை வருஷம் சும்மா வேடிக்கை பார்த்தவர்கள் இல்லை, நடத்தியவர்கள். அவர்களிடமே 300 ரூபாய் வாங்கிக்கொண்டு, எங்கே நிற்க வேண்டும் என்று சொல்லித் தருகிறார்கள் புது சாரின் ஆட்கள். பாஸ், இருக்கை, நேரம், மாதம் எல்லாம் சேர்த்து நான் கொடுப்பது ஐந்துக்கு இரண்டு. அதில் ஒன்று கழிப்பறைக்கு.

கடற்கரைக்காரர்கள் சிலர் ஜூலையில் தனியாக ஒரு செவன்ஸ் வைக்கலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். நடந்தால் நம்பர் தைக்க நான் தயார். ஆனால் செவன்ஸ் செவன்ஸ்தான், பதினொரு பேர் ஆட்டம் ஆகாது.

இதற்குப் பிறகும் அடுத்த பிப்ரவரியில் போகிறவர்களுக்கு: ஐந்து நாள் பாஸ் வேண்டாம், செமி ஃபைனலுக்கும் ஃபைனலுக்கும் மட்டும் தினசரி டிக்கெட் எடுங்கள், 100 ரூபாய் மிச்சம். கியூஆர் கோடை வீட்டிலேயே போனில் டவுன்லோடு செய்து வையுங்கள். தொப்பி கட்டாயம். தண்ணீர் பாட்டிலை வாசலில் வாங்கி வைத்துக்கொள்வார்கள், உள்ளே ஸ்டாலில் காப்பி 30 ரூபாய், பப்ஸ் 35, இரண்டுமே ஆறிப்போனது. மதிலுக்கு வெளியே பெட்டிக்கடையில் பால் இல்லாத கட்டன்சாயா 10 ரூபாய், ரசவடையும் உண்டு. ஆனால் ஒருமுறை வெளியே போனால் அந்த டிக்கெட் திரும்ப ஸ்கேன் ஆகாது. பழைய கேலரி இருந்த இடத்துக்குப் பின்னால் மதில் கொஞ்சம் தாழ்வு. அங்கே நின்று சில்லறையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு குரல் கொடுத்தால் போதும், கடைக்காரர் ஸ்டூல் போட்டு ஏறித் தருவார்.